திரும்பி வராத விமானங்கள்

பழைய மாணவர் ஒருவர், இயந்திரவியல் பிரிவு (1991–94)

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாணவர் பேரவைத் தம்பிகள் இருவரும் ஒரு தங்கையும் என் வீடு தேடி வந்தார்கள். காபி குடித்து முடித்து, கொஞ்சம் தயங்கி, "சார், நம்ம ஆண்டு மலருக்கு நீங்க ஒரு கட்டுரை தரணும். 'என் வெற்றியின் ரகசியம்'னு தலைப்பு. பழைய மாணவர்கள் அஞ்சு பேர்கிட்ட கேட்டிருக்கோம்" என்றார்கள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோவையில் ஒரு பம்ப்செட் கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் சேர்ந்து, அதே பிரிவில் தலை நரைத்தவன் நான். இதில் என்ன ரகசியம்?

"ரகசியமெல்லாம் ஒண்ணுமில்ல தம்பி. வேற ஒருத்தரைப் பத்தி எழுதித் தரட்டுமா?"

"யாரு சார்?"

"ஒரு டேட்டா சயன்டிஸ்ட்."

கம்ப்யூட்டர் பிரிவில் படிக்கும் அந்தத் தங்கையின் முகம் மலர்ந்தது. "நம்ம காலேஜ்ல படிச்சவரா சார்?"

"இல்லம்மா. அவர் பொறந்தது ஐரோப்பாவுல. பேர் வாங்கினது அமெரிக்காவுல. இறந்தது நம்ம நீலகிரியில."

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒத்துக்கொண்டதாக எடுத்துக்கொண்டு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

அவர் பெயர் ஆப்ரகாம் வால்ட். அவர் காலத்தில் 'டேட்டா சயன்டிஸ்ட்' என்ற சொல்லே கிடையாது. புள்ளியியல் அறிஞர் என்றுதான் சொன்னார்கள். ஆனால் இன்று அந்தப் பெயரில் நீங்கள் படிக்கிற பாடத்தின் அஸ்திவாரக் கற்களில் சிலவற்றை வைத்தவர் அவர்.

எனக்கு அவர் பெயர் அறிமுகமானது எந்தப் புத்தகத்திலும் இல்லை, ஷாப் ஃப்ளோரில். டிப்ளமோ முடித்து 1995-இல் வேலைக்குச் சேர்ந்த புதிது. என் கையில் ஒரு 'கோ – நோ கோ' கேஜைக் கொடுத்து, வந்து இறங்கிய புஷ் லாட்டில் இருந்து சாம்பிள் எடுத்துச் சோதிக்கச் சொன்னார்கள். ஐ.எஸ். 2500 அட்டவணையைப் பார்த்து எத்தனை எடுக்க வேண்டுமோ அத்தனையும் எடுத்து, ஒன்று விடாமல் சோதித்துக் கொண்டிருந்தேன். முதல் பத்திலேயே நாலு புஷ் தேறவில்லை. ஆனாலும் நான் நிறுத்தவில்லை. அட்டவணை சொன்ன எண்ணிக்கை முடிய வேண்டுமே!

பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த எங்கள் சீஃப் இன்ஸ்பெக்டர் ஐயா கேட்டார்: "ஏப்பா, இந்த லாட்டு தேறாதுன்னு உனக்கு எப்பத் தெரிஞ்சுது?"

"பத்து பார்த்தப்பவே தெரிஞ்சுதுங்க ஐயா."

"அப்புறம் யாருக்காகப் பார்த்துட்டு இருக்க? பதில் தெரிஞ்சப்புறமும் அளந்துக்கிட்டே இருக்கிறவன் இன்ஸ்பெக்டர் இல்லப்பா."

அன்று சாயங்காலம் ஒரு கிராஃப் தாளை எடுத்து எனக்கு ஒரு படம் போட்டுக் காட்டினார். படுக்கை அச்சில் இதுவரை சோதித்த எண்ணிக்கை. செங்குத்து அச்சில் அதில் கண்ட பழுதுகள். நடுவே சாய்வாக இரண்டு இணைகோடுகள். ஒவ்வொரு பொருளாக எடுத்துச் சோதித்துப் புள்ளி வைத்துக்கொண்டே போக வேண்டும். புள்ளி மேல்கோட்டைத் தாண்டினால் லாட்டைத் திருப்பி அனுப்பு. கீழ்க்கோட்டுக்குக் கீழே போனால் ஏற்றுக்கொள். நடுவில் இருக்கிற வரைக்கும் இன்னொன்று எடு. அவ்வளவுதான்.

"இதைக் கண்டுபிடிச்சவர் பேரு வால்ட். இதுக்கு சீக்வென்ஷியல் டெஸ்ட்னு பேரு. சராசரியாப் பார்த்தா பாதி சாம்பிள் மிச்சம்" என்றார்.

இதன் கதையைப் பிற்பாடு படித்தேன். இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1943. நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஒரு புள்ளியியல் ஆய்வுக்குழு அமெரிக்க ராணுவத்துக்காகக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. ஆயிரக்கணக்கான குண்டுகளைச் சுட்டுச் சோதிப்பதைப் பற்றி ஒரு கடற்படை அதிகாரி குறைபட்டுக்கொண்டார். அனுபவசாலி ஒருவர் பக்கத்தில் நின்று பார்த்தால், பாதியிலேயே 'போதும், முடிவு தெரிந்துவிட்டது' என்று சொல்லிவிடுவாரே, அதைக் கணக்காகச் சொல்ல முடியாதா என்பது அவர் கேள்வி. எங்கள் சீஃப் இன்ஸ்பெக்டர் என்னிடம் கேட்ட அதே கேள்விதான்! அந்தக் குழுவிலிருந்த ஆலன் வாலிஸ், மில்டன் ஃப்ரீட்மன் இருவரும் அதை வால்டிடம் கொண்டுபோனார்கள். பின்னாளில் பொருளாதாரத்தில் நோபல் பரிசு வாங்கிய அதே ஃப்ரீட்மன்தான். முதலில் வால்டுக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை வரவில்லை. ஆனால் ஓரிரு நாளில் அவரே தொலைபேசியில் கூப்பிட்டு, அப்படிப்பட்ட சோதனை உண்டு என்றார். போருக்குப் பிறகு, 1947-இல், அது தனிப் புத்தகமாக வந்தது. இன்றைக்கு ஒரு புது மருந்தைச் சோதிக்கும்போது, அது வேலை செய்வது உறுதியானவுடன் சோதனையை முன்கூட்டியே முடிக்க வழி வைத்திருக்கிறார்கள் அல்லவா? அதற்கும் வேர் அங்கேதான் இருக்கிறது.

அப்போது வால்ட் அமெரிக்காவில் ஒரு 'எதிரி நாட்டு' ஆள். அவருடைய ஆராய்ச்சியோ ராணுவ ரகசியம். அவர் ஒரு தாளை எழுதி முடித்ததும், அவரே அதைப் படித்துவிடாதபடி செயலாளர்கள் கையிலிருந்து பிடுங்கிக்கொள்வார்கள் என்று அந்தக் குழுவில் வேடிக்கையாகப் பேசிக்கொள்வார்களாம்.

இப்படிப்பட்டவர் எங்கிருந்து வந்தார்?

1902 அக்டோபர் 31-இல் கோலோஷ்வார் என்ற ஊரில் பிறந்தார். அப்போது ஆஸ்திரியா–ஹங்கேரிப் பேரரசில் இருந்த ஊர் அது. இன்று ருமேனியாவில் க்ளூஜ் என்ற பெயரில் இருக்கிறது. யூதக் குடும்பம். அப்பா ரொட்டிக்கடை வைத்திருந்தவர். அங்கே சனிக்கிழமையும் பள்ளிக்கூடம் உண்டு. யூதர்களுக்கோ சனிக்கிழமை ஓய்வு நாள். ஆகவே பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே வைத்துப் பெற்றோரே பாடம் சொல்லிக் கொடுத்தார்கள். அந்தப் பிள்ளை 1931-இல் வியன்னா பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் முனைவர் பட்டம் வாங்கியது.

பட்டம் இருந்தும் யூதர் என்பதால் அங்கே ஆசிரியர் வேலை கிடைக்கவில்லை. ஒரு வங்கிக்காரருக்குக் கணக்கு டியூஷன் எடுத்துப் பிழைத்தார். அந்தப் பழக்கத்தில்தான் பொருளாதாரக் கணக்குகளில் இறங்கினார். 1938-இல் ஹிட்லர் ஆஸ்திரியாவைப் பிடித்ததும், அமெரிக்காவிலிருந்து வந்த ஓர் அழைப்பு அவரைக் காப்பாற்றியது. அவர் தப்பினார். ஊரிலிருந்த குடும்பம் தப்பவில்லை. பெற்றோரும் உடன்பிறந்தவர்களில் ஏறக்குறைய எல்லோரும் நாஜிகளின் கொடுமையில் மாண்டார்கள். மிஞ்சியது ஒரே ஒரு சகோதரர். அவரை அமெரிக்காவுக்கு வரவழைத்துத் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டார் வால்ட்.

1941-இல் லூசில் என்ற பெண்ணை மணந்தார். ஒரு மகள், ஒரு மகன். இழந்த வீட்டை அவர் மறுபடியும் கட்டி எழுப்பியது இந்த நாலு பேருக்குள்தான்.

இனி விமானக் கதைக்கு வருகிறேன். உங்களில் சிலர் இதைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். நான் கேட்டது 2012-இல், கம்பெனியில் நடந்த ஒரு பயிற்சி வகுப்பில்.

போருக்குப் போய்த் திரும்பிய விமானங்களைப் பார்த்தால் இறக்கையிலும் உடலிலும் நிறையக் குண்டுத் துளைகள். எஞ்சின் பக்கம் குறைவு. கூடுதலாகக் கவசத் தகடு எங்கே போடுவது? துளை அதிகம் உள்ள இடத்தில் என்றுதான் யாரும் சொல்வோம். வால்டின் கணக்கு அதற்கு நேர்மாறு. எதிரி சுடும் குண்டு இறக்கை, எஞ்சின் என்று பார்த்துப் படுவதில்லை. பரப்பளவுக்குத் தக்கபடி எல்லா இடத்திலும்தான் படும். அப்படியானால் எஞ்சினில் பட வேண்டிய துளைகள் எங்கே போயின? அவை திரும்பி வராத விமானங்களில் இருக்கின்றன. எஞ்சினில் அடி வாங்கியவை விழுந்துவிட்டன. ஆகவே தகடு போட வேண்டியது துளை இல்லாத இடத்தில்!

ஒரு விமானப் படமும் அதில் சிவப்புப் புள்ளிகளுமாக இந்தக் கதை இப்போது எல்லா இடத்திலும் உலவுகிறது. அந்தப் படம் மிகப் பிற்காலத்தில் யாரோ வரைந்தது. வால்ட் 1943-இல் எழுதியது எட்டுக் குறிப்புகள். அவை 1980-இல் தொகுத்து வெளியிடப்பட்டன. பக்கம் பக்கமாகச் சமன்பாடுகள்தான். அதில் அவர் மாதிரிக்காக எடுத்துக்கொண்ட ஒரு கணக்கை இங்கே தருகிறேன். பாலிடெக்னிக் மாணவர்களுக்கு இது ஒன்றும் கடினம் இல்லை.

400 விமானங்கள் போகின்றன. 380 திரும்புகின்றன. அவற்றில் குண்டே படாதவை 320. ஒரு குண்டு பட்டவை 32, இரண்டு பட்டவை 20, மூன்று பட்டவை 4, நான்கு பட்டவை 2, ஐந்து பட்டவை 2. விழுந்த 20 விமானங்களில் எத்தனை குண்டு பட்டது என்று யாருக்கும் தெரியாது. பார்க்க அவை கையில் இல்லை. இருந்தும் ஒரு குண்டை ஒரு விமானம் தாங்கும் வாய்ப்பு எவ்வளவு என்று கண்டுபிடிக்க வேண்டும்.

குண்டு படாதது விழாது, ஒவ்வொரு குண்டுக்கும் விமானத்தை வீழ்த்தும் வாய்ப்பு ஒன்றே என்று வைத்துக்கொண்டு அவர் கணக்கைத் தலைகீழாகப் போட்டார். விடை சுமார் 0.85. சரிதானா என்று நீங்களே பார்க்கலாம். 32-ஐ 0.85-ஆல் வகுங்கள். 20-ஐ இரண்டு முறை வகுங்கள். 4-ஐ மூன்று முறை, அடுத்த 2-ஐ நான்கு முறை, கடைசி 2-ஐ ஐந்து முறை. எல்லாவற்றையும் கூட்டினால் 80 வரும். திரும்பி வந்து நம் கண்ணில் பட்ட அடிபட்ட விமானங்கள் 60. மிச்சம் 20 யார்? விழுந்தவர்கள். கண்ணில் படாத அந்த 20 பேரையும் கணக்குக்குள் கொண்டுவந்து நிறுத்திவிட்டார் மனிதர்!

வகுப்பில் எல்லோரும் 'ஆகா' என்றார்கள். எனக்கு மட்டும் அடிவயிற்றில் ஏதோ செய்தது. அதற்குக் காரணம் நம் பாலிடெக்னிக்கின் 1999-ஆம் ஆண்டு மலர்.

அந்த ஆண்டு எங்கள் செட்டின் ஐந்தாம் ஆண்டுச் சந்திப்பு. ஏற்பாட்டுப் பொறுப்பு என் தலையில். 1991-இல் சேர்ந்த 60 பேரின் பழைய முகவரிகளை ஆபீசில் வாங்கி, 60 பேருக்கும் பதில் கார்டு அனுப்பினேன். 37 பேர் பூர்த்தி செய்து அனுப்பினார்கள். 37 பேரும் வேலையில் இருந்தார்கள். லேத், ஃபவுண்டரி, ரயில்வே, மின்வாரியம், இரண்டு பேர் வளைகுடா. பெருமை தாங்கவில்லை. 'எங்கள் வகுப்பில் வேலையில் இருப்போர் நூற்றுக்கு நூறு' என்று கட்டம் கட்டி மலரில் எழுதினேன். அப்போதைய முதல்வர் மேடையில் அதை வாசித்தார். கைதட்டல் அடங்க ஒரு நிமிடம் ஆனது.

திரும்பி வந்த விமானங்களை எண்ணிவிட்டு, எந்த விமானமும் விழவில்லை என்று எழுதியிருக்கிறேன்! வராத 23 கார்டுகளைப் பற்றி எனக்கு ஒரு கேள்வியும் எழவில்லை.

அந்த 23 பேரில் ஒருவன் என் ஹாஸ்டல் அறைத்தோழன்.

அவன் பெயரை இங்கே எழுதவில்லை, அவனே வேண்டாம் என்றான். கணக்கில் புலி. இன்ஜினியரிங் மெக்கானிக்ஸில் எனக்குப் பாஸ் மார்க் வாங்கிக் கொடுத்தவன் அவன்தான். ராத்திரி பதினோரு மணிக்கு மேல் என்னை எழுப்பி உட்கார வைத்து, "டேய், முதல்ல படம் போடு. விசை எந்தப் பக்கம் இழுக்குதுன்னு பாரு. ஃபார்முலா அப்புறம்" என்பான். இரண்டாம் ஆண்டு நடுவில் ஒரு நாள் ஊரிலிருந்து தந்தி வந்தது. அப்பாவுக்குப் பக்கவாதம். தகரப் பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினான். மினி டிராஃப்டரை மட்டும் என் கட்டில் மேல் வைத்தான். "ரெண்டு வாரத்துல வந்துர்றேன்டா. பஸ்ல நசுங்கிப்போயிரும், நீயே வெச்சிரு."

அந்த இரண்டு வாரம் முடியவே இல்லை. ஒரு கடிதம் போட்டேன், பதில் இல்லை. பிறகு பரீட்சை, வேலை, கல்யாணம் என்று காலம் ஓடிவிட்டது. என் டிராஃப்டர் உடைந்தபோது அவனுடையதை வைத்துத்தான் இறுதியாண்டு டிராயிங் எழுதினேன். அதை மறந்திருந்தேன் என்று சொன்னால் பொய். நினைத்துப் பார்க்காமல் இருந்தேன் என்பதுதான் சரி.

பயிற்சி வகுப்பு முடிந்து வந்த அன்று இரவே பரணில் ஏறி அந்த டிராஃப்டரைத் தேடி எடுத்தேன். அவனைத் தேடி எடுக்கத்தான் பல மாதம் ஆனது. 2013-இல் மேட்டுப்பாளையத்தில் ஒரு உருளைக்கிழங்கு மண்டியில் கண்டுபிடித்தேன். மூட்டைகளுக்கு நடுவே ஒரு சின்ன மேஜையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தான். தலை வழுக்கை. காதில் பேனா. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று, "வாங்க, என்ன வேணுமுங்க?" என்றான். நான் ஒன்றும் பேசாமல் டிராஃப்டரை மேஜை மேல் வைத்தேன். கொஞ்ச நேரம் அதையே பார்த்தான்.

"அடப்பாவி... ரெண்டு வாரம்னு சொன்னேனல்ல!" என்று சிரித்தான். அப்புறம் இருவருக்கும் பேச்சு வரவில்லை.

டீ குடிக்கும்போது எல்லாம் சொன்னான். அப்பா படுக்கையில் ஒன்பது வருடம். இரண்டு தங்கைகள். மண்டியில் மூட்டை தூக்கத் தொடங்கி, கணக்கு வரும் என்று தெரிந்ததும் மேஜைக்கு வந்தான். தங்கைகளைப் படிக்க வைத்தான், கட்டிக் கொடுத்தான். பிறகுதான் தன் கல்யாணம். பெரிய மகள் அப்போது பிளஸ் ஒன். "அவளுக்குக் கணக்கு நான்தான் சொல்லித் தர்றேன். முதல்ல படம் போடுன்னு சொன்னா கேக்க மாட்டேங்கறா" என்றான்.

தயங்கித் தயங்கிக் கேட்டேன். "1999-ல ஒரு கார்டு அனுப்பினேனே, வந்துச்சா?"

"வந்துச்சே. பத்திரமா வெச்சிருந்தேன்."

"ஏன்டா பதில் போடல?"

"என்னத்த எழுதறது? பேரு, பணிபுரியும் நிறுவனம், பதவி, சம்பளம்னு நாலு கோடு போட்டு அனுப்பியிருந்தே. எனக்கு அதுல எழுத ஒண்ணுமில்ல. எப்படிடா இருக்கேன்னு அதுல ஒரு கோடு இருந்திருந்தா எழுதியிருப்பேன்."

மாணவ நண்பர்களே, முப்பது வருடத்தில் எத்தனையோ ஆடிட்டர்கள் என் ஆவணங்களில் பிழை கண்டுபிடித்திருக்கிறார்கள். இப்படி ஒரு பிழையை யாரும் காட்டியதில்லை. பதில் வராததற்குக் காரணம் அவன் இல்லை. நான் கேட்ட கேள்வியே விழுந்தவர்களை வெளியே நிறுத்திவிட்டது. இன்னொன்றும் அன்று புரிந்தது. அவன் விழுந்தவன் என்று நான் நினைத்துக்கொண்டு போனேன். ஒரு வீட்டையே தோளில் தூக்கிக்கொண்டு கரை சேர்ந்தவன் அவன். எங்கள் கார்டில் அதை அளக்க ஒரு கேஜ் இல்லை, அவ்வளவுதான்.

நீலகிரிக்கு இப்போது வருகிறேன்.

எங்கள் ஊர் கோத்தகிரி பக்கம். தாத்தா தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர். சின்ன வயதில் மழைக்கால ராத்திரிகளில் அடுப்புப் பக்கம் உட்கார்ந்து கதை சொல்லுவார். அதில் ஒன்று: "சொதந்தரம் வந்து கொஞ்ச வருசம் இருக்கும் கண்ணு. ரங்கசாமி மலைப்பக்கம் ஒரு ஏரோப்ளேன் விழுந்துருச்சு. ஒருத்தரும் பொழைக்கல. வெள்ளைக்காரங்களும் இருந்தாங்களாம்." யார், எவர் என்று அவருக்கும் தெரியாது. நாங்களும் கேட்டதில்லை.

வால்டைப் பற்றி ஆர்வமாகப் படிக்கத் தொடங்கியபோது ஒரு வரியில் கண் நின்றுவிட்டது. இந்திய அரசின் அழைப்பின் பேரில் சொற்பொழிவுப் பயணமாக வந்தவர், 1950 டிசம்பர் 13 அன்று, நீலகிரியில் ரங்கசாமி தூண் அருகே நடந்த விமான விபத்தில் மனைவி லூசிலுடன் மறைந்தார். வயது 48. அவருடைய இரண்டாவது பெரிய புத்தகம் வெளிவந்த ஆண்டும் அதுதான்.

தாத்தா சொன்ன ஏரோப்ளேன்! திரும்பி வராத விமானங்களைக் கணக்கில் சேர்க்கச் சொன்ன மனிதர், திரும்பி வராத ஒரு விமானத்தில் எங்கள் ஊர் மலையிலேயே போய்விட்டார். நான் அவருடைய கோடுகளைப் போட்டுச் சோறு தின்றுகொண்டிருந்தேன். அவர் எங்கே கண்மூடினார் என்று அத்தனை வருடம் தெரியாது.

அடுத்த லீவில் மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு கோடநாடு காட்சிமுனைக்குப் போனேன். எத்தனையோ முறை போன இடம்தான். கீழே மாயாற்றுப் பள்ளத்தாக்கு. தொலைவில் பவானிசாகர் அணையின் நீர் ஒரு கண்ணாடித் துண்டு மாதிரி. ஒரு பக்கம் நெட்டுக்குத்தாக ரங்கசாமி தூண். மஞ்சு வந்து அதை மூடும், விலகும், மறுபடி மூடும். டூரிஸ்ட்டுகள் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் மகளிடம் கதையைச் சொன்னேன். துளைகள், எஞ்சின், 400 விமானம், எல்லாம். அவள் கணக்கைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"அப்பா, அவங்க குழந்தைங்க?" என்றாள்.

நான் அதுவரை அப்படி யோசிக்கவில்லை. ரெண்டு குழந்தைகளும் அந்த விமானத்தில் இல்லை. மகன் ராபர்ட்டுக்கு அப்போது வயது மூன்று. ஒருமுறை குடும்பத்தைப் பறிகொடுத்தவர் ஆசை ஆசையாக அமைத்த இரண்டாவது குடும்பம் அது. அந்தப் பிள்ளைகள் என்ன பாடு பட்டிருப்பார்கள் என்பதை எந்தப் புத்தகமும் படித்து நான் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. நானும் ஒரு தகப்பன்தான். ராபர்ட் வால்ட் பிற்காலத்தில் பெரிய இயற்பியல் அறிஞர் ஆனார். 1984-இல் பொதுச் சார்பியல் பற்றி அவர் எழுதிய நூலை உலகமெங்கும் பாடமாக வைத்துப் படிக்கிறார்கள். அப்பாவை மூன்று வயதில் இழந்த பிள்ளை, அப்பா விட்டுப்போன கணித உலகத்துக்கே வந்து சேர்ந்திருக்கிறான் என்று நினைத்தபோது மனதுக்கு இதமாக இருந்தது.

இப்போது எங்கே பார்த்தாலும் டேட்டா சயன்ஸ் என்கிறார்கள். நல்லது, படியுங்கள். மென்பொருளைத் தட்டினால் படம் வரும், சதவீதம் வரும். ஆனால் கையில் இருக்கிற எண்ணிக்கையைப் பார்த்ததும், 'இதில் வராதவர் யார்? ஏன் வரவில்லை?' என்று கேட்க எந்த மென்பொருளும் தானாகச் சொல்லித் தராது. இல்லாதவரைத் தேடுகிற மனசு வேண்டும். வால்டுக்கு அந்த மனசு எங்கிருந்து வந்தது என்று நான் அடிக்கடி யோசிப்பது உண்டு. 1943-இல் அவர் அந்தக் குறிப்புகளை எழுதும்போது அவர் வீட்டார் ஐரோப்பாவில்தான் இருந்தார்கள். அவர்களும் திரும்பி வரவில்லை.

பேரவைத் தம்பி தங்கைகளே, 'வெற்றியின் ரகசியம்' என்று ஐந்து பேரிடம் கேட்டிருக்கிறீர்கள். நாங்கள் ஐந்து பேரும் திரும்பி வந்த விமானங்கள். எங்கள் உடம்பில் இருக்கிற துளைகளைப் பார்த்து நீங்கள் தகடு அடிக்கப் போகிறீர்கள். எங்களிடம் கேளுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. கூடவே, இரண்டாம் ஆண்டில் தகரப் பெட்டியோடு கிளம்பிப் போனார்களே, அவர்களிடமும் கேளுங்கள். எது அவர்களை இழுத்தது? ஃபீஸா, அரியரா, வீட்டில் சீக்கா, ஆங்கிலப் பயமா? அடுத்த வருடம் சேரப்போகும் பிள்ளைகளுக்குக் கவசம் போட வேண்டிய இடம் அங்கேதான் தெரியும்.

அதற்காக ஒரு சின்னக் காரியம் செய்திருக்கிறேன். எங்கள் செட்டில் பதில் போடாத அந்த 23 பேரில் இதுவரை 14 பேரின் முகவரியைக் கண்டுபிடித்து, இந்தக் கட்டுரையோடு சேர்த்து உங்களிடம் கொடுத்திருக்கிறேன். அடுத்த மலருக்கு அவர்களிடம் கட்டுரை கேளுங்கள். அனுப்பும் கடிதத்தில் பணிபுரியும் நிறுவனம், பதவி, சம்பளம் என்று நான் போட்ட கோடுகள் வேண்டாம்.

'எப்படி இருக்கிறீர்கள்?' என்று ஒரே ஒரு கேள்வி போதும். கீழே நிறைய இடம் விடுங்கள்.